படிப்புக் குறிப்பேட்டை நாலு பேருக்குக் காட்டிவிட்டு, ஏன் காட்டினோம் என்று நினைத்ததுண்டா?

பென்சில்முனை:

ஜப்பானிய மொழி படிக்கிறேன். வேலைக்காக இல்லை, தேர்வுக்காகவும் இல்லை, சும்மா ஆசைக்கு. எழுதிப் பழகும் நோட்டின் பக்கங்களை வாரம் ஒருமுறை படம் எடுத்துக் குழுவில் போடுவது வழக்கம்.

அன்று போட்டது 'பற' என்று பொருள் தரும் கான்ஜி எழுத்து. மொத்தம் ஒன்பது கோடுதான். ஆனால் எந்தக் கோடு முதலில், எது அடுத்து என்பது பழகியவர்களையே குழப்பிவிடும். பக்கம் முழுக்க அதையே எழுதியிருந்தேன். இருபது பேருக்கு மேல் வந்து வரிசையைத் திருத்தினார்கள். நல்லது, அதற்குத்தானே போட்டேன். அப்புறம் ஒருவர் தனியாக ஒரே ஒரு வரி அனுப்பினார்: "ஸ்கேன் முடிவு வந்ததா?"

எனக்கு முதலில் விளங்கவில்லை. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். வலது ஓரத்தில் பென்சிலால், பொடி எழுத்தில்: 'ரிசல்ட் 3 மணிக்கு. யாரிடமும் சொல்லவில்லை.' மருத்துவமனையில் காத்திருந்தபோது கிறுக்கியது. எழுதியதே மறந்துபோயிருந்தது.

வீட்டில்கூட அப்போது யாருக்கும் தெரியாது. முகம் தெரியாத ஒருவருக்குத் தெரிந்துவிட்டது. கோபம் வந்தது. அந்த வாரம் முழுக்க என்னிடம் அப்படிக் கேட்ட ஒரே ஆளும் அவர்தான் என்பது ராத்திரிதான் உறைத்தது. பதில் எழுதத் தெரியாமல் படத்தை அழித்துவிட்டேன். மாதங்கள் ஆகிவிட்டன, இன்னும் உறுத்துகிறது. உங்களுக்கு இப்படி ஏதாவது நடந்திருக்கிறதா?

மாறொளி:

எனக்கு ஓரம் இல்லை, நடுப்பக்கமே பிரச்சினை.

2019 கடைசியில் திருவாதிரை நட்சத்திரம் மங்கத் தொடங்கியது நினைவிருக்கும். பெட்டல்ஜூஸ் என்றால் இன்னும் நிறையப் பேருக்குத் தெரியும். சாதாரணமாக 0.5 பக்கம் இருக்கும் ஒளியளவு 2020 பிப்ரவரியில் 1.6 வரை இறங்கியது (எண் ஏறினால் ஒளி குறைவு, தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்). ரோகிணி, பெல்லாட்ரிக்ஸ் என்ற இரண்டு நட்சத்திரங்களின் ஒளிக்கு நடுவில் இதன் ஒளி எங்கே நிற்கிறது என்று தினமும் வெறுங்கண்ணால் பார்த்து எழுதிக்கொண்டிருந்தேன். சிவப்பு நட்சத்திரத்தை முறைத்துப் பார்க்கக் கூடாது, பார்க்கப் பார்க்க ஒளி ஏறுவதுபோலத் தோன்றும். சட்டென்று பார், விலகு, மறுபடி பார். அப்படித்தான் பார்த்தேன்.

ஜனவரியில் ஒரு இரவு எனக்கு 1.1 என்று பட்டது. எழுதினேன். பக்கத்தைக் குழுவில் போடப் போனால் எல்லோரும் 1.4, 1.5 என்று போட்டிருக்கிறார்கள். அழிப்பானை எடுத்து 1.1-ஐ அழித்து 1.3 என்று எழுதிவிட்டுப் படம் எடுத்தேன். 1.4 என்று எழுதக்கூட நேர்மை இல்லை, பாருங்கள். கொஞ்சம் வித்தியாசமாக இருந்தால் உண்மைபோலத் தெரியுமே என்று 1.3!

அந்த அழித்த தடம் இன்னும் ஏட்டில் இருக்கிறது. அதற்கு அடுத்த நாட்களில் நான் எழுதிய ஒரு எண்ணையும் என்னால் நம்ப முடியவில்லை. மாறொளிர் விண்மீன் (இப்படி ஒளி ஏறி இறங்கும் நட்சத்திரம்) பார்ப்பவர்களுக்கு முதலில் சொல்லித்தருவதே, பார்ப்பதற்கு முன் மற்றவர்கள் அளவையோ உன் பழைய அளவையோ பார்க்காதே என்பதுதான். அமெரிக்க மாறொளிர் விண்மீன் சங்கம் 1911-இலிருந்து நடப்பதே பொழுதுபோக்குக்காரர்கள் அனுப்பும் அளவுகளை நம்பித்தான். ஆக, பகிராவிட்டால் அந்த எண்ணால் யாருக்கும் பயனில்லை. பகிரும் இடத்திலேயே உட்கார்ந்திருந்தால் எண்ணே கெட்டுப்போகிறது. நான் இப்போது பேனாவில் எழுதுகிறேன். அவ்வளவுதான் என் தீர்வு.

காளான்கூடை:

ரெண்டு பேருக்கும் வந்தது கூச்சம். எனக்கு வந்தது பயம்.

என் காளான் ஏட்டின் 12-ஆம் பக்கத்தில் வெள்ளைச் செதில் உள்ள ஒன்றை வரைந்து, உண்ணக்கூடிய ஒரு வகையின் பெயரைப் பக்கத்தில் எழுதியிருந்தேன். 'வாசனை இனிமை' என்று வேறு. 40-ஆம் பக்கத்தில் அது தப்பு என்று நானே திருத்தியிருக்கிறேன்: அடித்தண்டைத் தோண்டிப் பார்க்கவில்லை, அடியில் பை இருந்ததா தெரியாது (நச்சுக் காளானைக் காட்டிக்கொடுக்கும் அடையாளம் அது), வித்துத்தடமும், அதாவது குடையைத் தாளில் கவிழ்த்து வித்துத்தூளின் நிறம் பார்ப்பதும், எடுக்கவில்லை. எனக்கு அது ஒரே ஏடு. 12-ஐப் படித்தவர் 40-ஐயும் படிப்பார் என்று நினைத்துவிட்டேன். 12 மட்டும் தனியாகச் சுற்றப் போய்விட்டது.

ஒருநாள் ஒரு படம் வந்தது. கூடை நிறையக் காளான், பக்கத்தில் கத்தி, வெட்டும் பலகை. கீழே: "உங்கள் பக்கம் 12 தானே இது? அலசிவிட்டேன்."

டெத் கேப் என்ற கொல்லும் காளான் பற்றித் தெரிந்தவர்களுக்கு என் வயிறு என்ன ஆகியிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. வேகவைத்தாலும் அந்த நஞ்சு போகாது. சாப்பிட்டு ஆறு மணி நேரத்திலிருந்து ஒரு நாள் வரை ஒன்றுமே தெரியாது. அப்புறம் வாந்தி, வயிற்றுப்போக்கு, நடுவில் தேறிவிட்டதுபோல ஒரு நாள், அதன் பிறகு ஈரல். "தொடாதீர்கள்" என்று நான்கு முறை அனுப்பினேன். பார்த்ததாகவே காட்டவில்லை. இரண்டு நாள். மூன்றாம் நாள் "கொட்டிவிட்டேன், ஏன் இவ்வளவு பதற்றம்" என்று சிரிப்புப் பொம்மையோடு பதில்.

அது என்ன காளான் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஒருவேளை ஒன்றும் இல்லாததாகவே இருந்திருக்கலாம். ஏட்டை அதற்குப் பிறகு யாருக்கும் காட்டவில்லை.

எச்4_பிரியர்:

காளான்கூடை, உங்கள் பதற்றம் புரிகிறது. ஆனால் தப்பு பகிர்ந்ததில் இல்லை, 12-ஆம் பக்கத்திலேயே குறுக்கே ஒரு கோடு போட்டு 'பார்க்க: 40' என்று எழுதாததில் இருக்கிறது. மாறொளி நண்பரே, நீங்களும் அப்படியே. அழித்தது உங்கள் கை. குழு உங்கள் கையைப் பிடித்து அழிக்கவில்லை.

என் கதை சின்னது. சதுரங்கத்தில் காரோ-கான் அட்வான்ஸ் என்ற தொடக்க நகர்வு வரிசை பற்றி ஏடு வைத்திருந்தேன், எல்லோரும் பார்க்கட்டும் என்று விட்டிருந்தேன். அதில் ஓரிடத்தில் 'நான் 4.எச்4, கறுப்பு எச்5 என்று பதில் சொன்னால்? தெரியவில்லை, பிறகு பார்' என்று இருந்தது (நாலாவது நகர்வில் நான் எச் ஓரக் காலாளை இரண்டு கட்டம் தள்ளி, கறுப்பும் அதையே செய்தால் என்று பொருள்). பிறகு பார்க்கவில்லை. ஒரு போட்டியில் நான் எச்4 ஆடினேன். எதிராளி யோசிக்கவே இல்லை, எச்5. ஆடிவிட்டு என்னைப் பார்த்து லேசாகச் சிரித்தார். அந்தச் சிரிப்பு இருக்கிறதே! ஆட்டம் போனது வேறு விஷயம்.

ஆனாலும் பகிர்வதை நிறுத்தவில்லை, நிறுத்தவும் கூடாது. சதுரங்க உலக வாகையர் போத்வின்னிக், ஆட்டக்காரர் தன் ஆட்டங்களைத் தானே அலசி அச்சில் வெளியிட வேண்டும் என்று வற்புறுத்தியவர். வெளியே வந்தால்தான் நாலு பேர் ஓட்டை கண்டுபிடிப்பார்கள், அந்தப் பயத்தில்தான் நீயும் ஒழுங்காக அலசுவாய் என்பது அவர் கணக்கு. ஆகவே சில விஷயம் சொல்கிறேன், யாரும் கேட்கவில்லை என்றாலும். ஒவ்வொரு பக்கத்திலும் தேதி போடுங்கள், அந்தத் தேதியில் உங்களுக்கு எவ்வளவு தெரியும் என்பதற்கு அது சாட்சி. அழிக்காதீர்கள், அடியுங்கள். அடித்தது கீழே தெரிய வேண்டும். இன்று எழுதியதை இன்றே போடாதீர்கள், பத்து நாள் ஊறட்டும். பாதி உளறல் உங்களுக்கே தெரிந்துவிடும். போட்டி ஆடுபவராக இருந்தால் ஆடி முடித்த வரிசைகளை மட்டும் போடுங்கள், இது நான் உதைபட்டுக் கற்றது. 'தெரியவில்லை' என்று எழுதிய இடங்களைத்தான் எல்லோருக்கும் காட்ட வேண்டும், அங்கேதான் உதவி கிடைக்கும், ஆனால் அங்கேதான் அடியும் விழும், எனவே எந்தக் கூட்டத்தில் காட்டுகிறீர்கள் என்று பாருங்கள். படம் எடுக்கும்போது போனில் இருப்பிடப் பதிவை அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் எங்கே எடுத்தது என்பது படக்கோப்பிலேயே உட்கார்ந்திருக்கும். பென்சில்முனைக்கு: ஓரத்தை வெட்டிவிட்டுப் போடுங்கள். இரண்டு நிமிட வேலை. இதற்கா மாதக்கணக்கில் உறுத்தல்?

காளான்கூடை:

எச்4, சதுரங்கத்தில் தோற்றால் மறுநாள் இன்னொரு ஆட்டம் ஆடலாம். அவ்வளவுதான் சொல்வேன்.

மூன்றாம்மரம்:

நான் சுருக்கமாக. ஆந்தை ஒன்று பகலில் அடையும் இடத்தைப் பார்த்தேன். ஏட்டில் 'பாலத்துக்கு வடக்கே மூன்றாம் மரம், இடது கிளை' என்று எழுதி, படமும் வரைந்து போட்டேன். படம் நன்றாக வந்திருந்தது என்ற பெருமை. அடுத்த ஞாயிறு போனால் மூன்றாம் மரத்தடியில் பதினோரு கேமரா. ஒருவர் கிளையைக் கம்பால் தட்டுகிறார், கண் திறக்கட்டும் என்று.

ஆந்தை அதற்குப் பிறகு அந்த மரத்துக்கு வரவில்லை. ஈபேர்ட் என்ற பறவைப் பதிவுத் தளத்தில் தொல்லைக்கு ஆளாகும் பறவைகள் சிலவற்றின் சரியான இடத்தைப் பொதுப்பார்வைக்குக் காட்டாமல் மறைத்துவிடுவார்கள். அது எனக்குத் தெரியும். தெரிந்தும் சொந்த ஏடுதானே என்று கையால் எழுதிப் போட்டவன் நான்.

நாலாம்வரி:

எச்4 சொன்னதில் ஒன்றோடு சண்டை. நாலு பேர் பார்ப்பார்கள் என்ற பயத்தில் ஒழுங்காகச் செய்வோம் என்கிறீர்களே, என் விஷயத்தில் அந்தப் பயம் ஒழுங்கைக் கொண்டுவரவில்லை, அலங்காரத்தைக் கொண்டுவந்தது.

வேலை முடிந்து வந்து எண் கோட்பாடு (முழு எண்களைப் பற்றிய கணிதம்) படிக்கிறேன். பகிரத் தொடங்கிய பிறகு என்னிடம் இரண்டு ஏடு ஆகிவிட்டது. ஒன்று கிறுக்கல், இன்னொன்று காட்டுவதற்கு. தலைப்புக்கு ஒரு மை, தேற்றத்துக்குக் கட்டம், நிறுவலுக்கு வேறு மை. குவாட்ராட்டிக் ரெசிப்ரோசிட்டி என்ற தேற்றத்துக்கு ஒரு நிறுவலை இரண்டு இரவு உட்கார்ந்து அழகாக எழுதினேன். பாராட்டு குவிந்தது. நடுவில் ஒருவர், பாவம், உண்மையாகவே படித்திருக்கிறார்: "மூன்றாம் வரியிலிருந்து நாலாம் வரி எப்படி வந்தது?"

எனக்குத் தெரியவில்லை. புத்தகத்தில் இருந்தது, எழுதினேன். நாலாம் வரியைச் சுற்றி நான் போட்ட கட்டம்தான் அந்தப் பக்கத்திலேயே அழகான கட்டம்.

"அது தெளிவு" என்று பதில் போட்டேன். அதுதான் உறுத்துகிறது. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். கேட்டவர் "சரி, நன்றி" என்று போய்விட்டார். தனக்குத்தான் புரியவில்லை என்று நினைத்திருப்பார்.

இதே தேற்றத்தை முதலில் முழுதாக நிறுவியவர் ஜெர்மன் கணித மேதை காஸ், 1796-இல். அந்த வருடம் மார்ச் 30 அன்று ஒரு நாட்குறிப்பு தொடங்கினார், 1814 வரை மொத்தம் 146 பதிவு. சில பதிவுகள் அரை வரி. ஒன்றில் இருக்கும் சொல் நெடுங்காலம் யாருக்கும் புரியாமலே கிடந்தது. அவர் 1855-இல் இறந்து நாற்பது வருடத்துக்கு மேல் கழித்துத்தான் அந்த ஏடு உலகத்தின் கண்ணில் பட்டது. தனக்கென்று எழுதினால் அரை வரி போதும்.

பென்சில்முனை:

நாலாம்வரி, அந்த ஆளைத் தேடிப்பிடித்துச் சொல்லிவிடலாமே?

நாலாம்வரி:

கணக்கை மூடிவிட்டுப் போய்விட்டார். தேடிப் பார்த்துவிட்டேன்.

எச்4_பிரியர்:

ராமானுஜனும் படிகளை எழுதவில்லை, விடையைத்தான் ஏட்டில் எழுதினார். அதனால் அவர் பெருமை குறைந்ததா?

நாலாம்வரி:

அவர் ஸ்லேட்டில் போட்டுப் பார்த்து அழித்துவிட்டு விடையை ஏட்டில் ஏற்றினார். இடையில் உள்ள வரி அவர் தலையில் இருந்தது. என் இடை வரி யாருடைய தலையிலும் இல்லை. ஒப்பிடுவதற்கும் ஒரு நியாயம் வேண்டாமா ஐயா?

கட்டுநூல்:

வரலாறு என்று வந்துவிட்டதால் நானும் ஒன்று. விஞ்ஞானி மைக்கேல் ஃபாரடே புத்தகம் கட்டும் தொழிலில் பழகுநராக இருந்தவர். 1812-இல் வேதியியலர் ஹம்ப்ரி டேவியின் நான்கு சொற்பொழிவைக் கேட்டுக் குறிப்பெடுத்து, படங்களோடு விரித்து எழுதி, தானே அட்டை கட்டி, டேவிக்கே அனுப்பிவைத்தார். அடுத்த வருடம் லண்டனில் டேவி இருந்த ராயல் இன்ஸ்டிடியூஷன் என்ற அறிவியல் நிறுவனத்தில் உதவியாளர் வேலை. சொந்தப் படிப்புக் குறிப்பைக் காட்டியதால் விதி மாறியவர் என்றால் எனக்கு அவர் ஞாபகம்தான் வரும். கவனியுங்கள், அந்த ஏட்டை ஒரே ஒருவருக்குத்தான் அனுப்பினார்.

இதைப் படித்துவிட்டு நானும் என் பாசிக் குறிப்பை (நுண்ணோக்கியில் பார்ப்பவை) ஒரே ஒருவருக்கு, அந்தத் துறையில் பெரியவர் ஒருவருக்கு, அட்டை கட்டி அனுப்பினேன். எட்டு மாதம் கழித்து உறை பிரிக்காமல் திரும்பி வந்தது. நானே கட்டிய முடிச்சு அப்படியே இருந்தது.

மாறொளி:

கட்டுநூல், அதை எனக்கு அனுப்புங்கள். பாசி பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் பிரிப்பேன்.

பென்சில்முனை:

எல்லோருக்கும் நன்றி. எச்4 சொன்னதை முயன்று பார்த்தேன். அளவுகோல் வைத்து, ஓரத்தை ஒழுங்காக வெட்டி, எழுத்து மட்டும் தெரிகிற மாதிரி நேற்று ஒரு பக்கம் போட்டேன். ஓரத்தில் ஒன்றும் எழுதவில்லை, வெறும் ஓரம்தான், இருந்தாலும் வெட்டினேன்.

இன்று காலை அதே ஆளிடமிருந்து தனியாக ஒரு வரி வந்திருக்கிறது. "இப்போது ஓரமே தெரிவதில்லை. நலம்தானே?"

மத்தியானத்திலிருந்து அதைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.