ஒரே தோல் லாட்டுக்கு நான்கு பெயர்கள்: பிரிவுகளின் பதிவுகளை எப்படி இணைப்பது?

கேள்வி (ராணிப்பேட்டை, தரக்கட்டுப்பாடு)

வணக்கம். எங்கள் தோல் ஆலையில் கொள்முதல், உற்பத்தி, ஆய்வகம், ஏற்றுமதி ஆகிய நான்கு பிரிவுகளும் தனித்தனி எக்செல் கோப்புகளை வைத்திருக்கின்றன. ஒரே சரக்குத் தொகுதியை, அதாவது லாட்டை, கொள்முதலில் லாரி வந்த தேதியாலும், உற்பத்தியில் டிரம் (தோலைப் பதனிடும் சுழல் பீப்பாய்) எண்ணாலும், ஆய்வகத்தில் மாதிரி எண்ணாலும், ஏற்றுமதியில் ஆர்டர் எண்ணாலும் குறிக்கிறார்கள். உடலில் படும் தோல் பொருட்களில் ‘குரோமியம் (VI)’ என்ற நச்சு வடிவக் குரோமியத்தின் அளவு கிலோவுக்கு 3 மில்லிகிராமைத் தொடக்கூடாது என்ற ஐரோப்பிய விதி 2015 மே முதல் நடப்பில் உள்ளதால், வாங்குபவர்கள் ஆய்வறிக்கையோடு கச்சாத் தோலின் மூலத்தையும் கேட்கிறார்கள். சென்ற மாதம் இவ்விரண்டையும் பொருத்திக் காட்ட மூன்று நாட்கள் ஆயின. மென்பொருள் வாங்கினால் தீருமா?

மறுமொழி (ஆம்பூர், உற்பத்தி)

ஐயா, தொடக்கம் முதல் இறுதி வரை ஒரே எண் என்பது நம் தொழிலில் நடக்காது. வெட் புளூ நிலையில், அதாவது குரோமியத்தால் பதனிட்ட தோல் ஈரமாக இருக்கும் நிலையில், தரம் பிரிக்கும்போது ஒரு லாட் மூன்று நான்காகப் பிரிகிறது. பிறகு வெவ்வேறு லாட்டுகளின் ஒரே தரத் தோல்கள் ஒரு டிரம்மில் சேர்கின்றன. தொடர்பு அறுந்துபோகும் இடம் இதுவே. ஆகவே பிரியும்போதும் சேரும்போதும் புது எண் கொடுத்து, அதனருகே தாய் லாட்டின் எண்ணையும் எழுதுங்கள். இதைச் செய்யாமல் எந்த மென்பொருளை வாங்கினாலும் பழைய குழப்பம் புதுத் திரையில் தெரியும், அவ்வளவுதான்.

மறுமொழி (காட்பாடி, தகவல் மேலாண்மை)

மேலே சொன்னது மிகச் சரி. அதனுடன், ஒவ்வொரு தகவலையும் திருத்தும் உரிமை ஒரு பிரிவுக்கு மட்டுமே இருக்கட்டும், மற்றவர்கள் படிக்கலாம். கட்டுமானத் துறைக்காக 2018இல் வந்த ஐஎஸ்ஓ 19650 தரநிலை, வேலையில் உள்ளது, பகிரப்பட்டது, வெளியிடப்பட்டது, காப்பகத்தில் உள்ளது என்று பதிவுகளை நான்கு நிலைகளாகப் பிரிக்கிறது. ஆய்வகத்தின் முடிவாகாத அளவீடு ஏற்றுமதிப் பிரிவின் கைக்குப் போய்விடாமல் தடுக்க, உங்களுக்கும் இந்தப் பிரிப்பு உதவும்.

வழங்குநர் பட்டியலையும் பாருங்கள். 2019இல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்ததால், வாணியம்பாடி வியாபாரி ஒருவரே வேலூர் முகவரியில் ஒரு முறையும் திருப்பத்தூர் முகவரியில் ஒரு முறையும் பதிவாகியிருக்கக்கூடும். பெயரையோ ஊரையோ நம்பாமல் ஆளுக்கொரு குறியீடு கொடுங்கள்.

கேட்டவர்

இருவருக்கும் நன்றி. தரம் பிரிக்கும் மேசையிலிருந்தே தொடங்குகிறேன். ஒரு டிரம்மில் மூன்று தாய் லாட்டுகள் சேர்ந்தால் மூன்றையும் எழுத வேண்டுமா?

மறுமொழி (ஆம்பூர், உற்பத்தி)

ஆம் ஐயா, ஒவ்வொன்றிலிருந்தும் எத்தனை தோல்கள் வந்தன என்ற எண்ணிக்கையோடு எழுதுங்கள். டிரம் ஏற்றும்போதே எழுதிவிட வேண்டும். மாலையில் நினைவிலிருந்து எழுதினால் தவறிவிடும்.