புதுப்பிப்பு: கொல்லிமலை ரைடு போயிட்டு வந்தாச்சு

11 பைக்கோட கொல்லிமலை, ஒரே கும்பலா ஏறலாமா, பிரிஞ்சு போகலாமான்னு போன வாரம் கேட்டிருந்தேன். நீங்க சொன்னபடியே நாலு, நாலு, மூணுன்னு பிரிஞ்சு அடிவாரத்துல இருக்கற காரவள்ளியில இருந்து ஏறினோம். 70 கொண்டை ஊசி வளைவு. எதிர்ல பஸ் வந்தா வளைவு முழுசும் அதுக்குத்தான். ஹாரன் கேட்டதுமே ஓரங்கட்டி நின்னோம். ஏறினதுல ஒரு சிக்கலும் இல்ல.

இறங்கறப்பதான் பயந்துட்டேன். ஒரு தம்பி பின் பிரேக்கை மிதிச்ச காலை எடுக்கவே இல்ல. கருகின வாடை, பெடல் பஞ்சு மாதிரி உள்ள போகுது. அரை மணி நேரம் நிழல்ல ஆறவிட்டு, ரெண்டாவது கியர்லயே இறக்கினோம். பிரேக்கை மிதிச்சுக்கிட்டே இறங்காம கியர்ல இறங்கணும்னு கிளம்பும்போதே சொல்லியிருக்கணும், என் தப்பு.

அடுத்தது வால்பாறை, ஆழியாறு வழி, 40 வளைவு. வர்றவங்க பிரேக் ஆயில் மாத்திட்டு வாங்க.