செம்மண் சரளைக்கும் தேயிலைத் தோட்டச் சேற்றுக்கும் ஒரே டயர் தாங்குமா?

கோவைச்சக்கரம்:

வணக்கங்க. வண்டி 29 இன்ச் ஹார்ட்டெயில் மலைச் சைக்கிள், பின்னால் சஸ்பென்ஷன் கிடையாது, முன்னால் மட்டும் 100 மி.மீ., என் எடை 72 கிலோ. வாரநாட்களில் மதுக்கரை பக்கம் காலையில் ஒரு மணி நேரம் ஓட்டுவேன். தார் ரோட்டில் ஏழெட்டு கிலோமீட்டர், அப்புறம் காய்ந்த செம்மண், மேலே உருளும் சரளை, ரெண்டு பக்கமும் சீமைக்கருவேலம். மாதத்தில் ரெண்டு ஞாயிறு வண்டியைக் காரில் ஏற்றிக்கொண்டு கோத்தகிரி போய்விடுவேன், அங்கே தெரிந்தவர் ஒருவரின் தேயிலைத் தோட்டத்துக்குள் ஓட்ட அனுமதி இருக்கிறது.

போன வாரம் அங்கே ராத்திரி மழை. பெரிய இறக்கம்கூட இல்லை, சாதாரண வளைவு, முன் சக்கரம் சொல்லாமல் கொள்ளாமல் வழுக்கிக்கொண்டு வெளியே போய்விட்டது. மணிக்கட்டு சுளுக்கு, முழங்கையில் தோல் போச்சு. எழுந்து டயரைப் பார்த்தால் துருத்திக்கொண்டிருக்கும் ரப்பர் பட்டனே தெரியவில்லை, கேழ்வரகுக் களியில் முக்கி எடுத்த மாதிரி இருந்தது.

இப்போது இருப்பது வண்டியோடு வந்த 2.2 இன்ச் அகல டயர், பட்டன் எல்லாம் குட்டை, நெருக்கம். டியூப் போட்டதுதான். ரிம் உள் அகலம் 25 மி.மீ. கடையில் கேட்டால் "இதே நல்லா இருக்கே சார், எதுக்கு மாத்தறீங்க" என்கிறார்கள். ரெண்டு இடத்துக்கும் ஒரே டயர் போதுமா, இல்லை ரெண்டு ஜோடி வாங்கி ஒவ்வொரு ஞாயிறும் மாட்டிக் கழற்ற வேண்டுமா? பின்னது என்றால் மனைவி என்னையும் கழற்றி வைத்துவிடுவாள்.

பழையசெயின்:

தம்பி, கை எப்படி இருக்கிறது? முதலில் ஒன்று சொல்லுங்கள், காற்று எவ்வளவு?

கோவைச்சக்கரம்:

கை பரவாயில்லை அண்ணா. காற்று 45 பி.எஸ்.ஐ. கடையில் எப்போதும் அவ்வளவுதான் அடிப்பார்கள்.

பழையசெயின்:

அதுதானே பார்த்தேன். டயர் வாங்குவது இருக்கட்டும், 45 அடித்துவிட்டு ஈர மண்ணில் உலகத்தில் எந்த டயரைப் போட்டாலும் வழுக்கும். அவ்வளவு காற்றில் டயர் கல்லு மாதிரி நிற்கும், தரையின் மேடு பள்ளத்துக்கு வளைந்து கொடுக்காது, ரெண்டு மூன்று பட்டன்தான் மண்ணைத் தொடும். உங்கள் எடைக்கு, டியூப் இருக்கும்போது, முன்னால் 27 அல்லது 28, பின்னால் 30 வைத்துப் பாருங்கள். அதற்கும் கீழே இறங்கினால் கல்லில் இடித்து ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவே டியூப் நசுங்கும். பாம்பு கடித்த மாதிரி பக்கத்துக்கொன்றாக ரெண்டு ஓட்டை விழும். டியூபை எடுத்துவிட்டு ட்யூப்லெஸ் ஆக்கினால் முன்னால் 21-22, பின்னால் 24-25 வரை தைரியமாக வரலாம்.

அளவுமானி ஒன்று தனியாக வாங்கிக்கொள்ளுங்கள். 160 வரை காட்டும் பம்பில் 20க்கும் 25க்கும் நடுவே முள் அசைவதே தெரியாது, அதை நம்பி ஓட்டுவது கண்ணைக் கட்டிக்கொண்டு உப்புப் போடுவது மாதிரி.

இப்போது டயருக்கு வருகிறேன். ரெண்டு ஜோடி வேண்டாம். ஆனால் முன்னும் பின்னும் ஒரே டயர் என்று யார் சொன்னது? பின் சக்கரம் வழுக்கினால் வண்டி வால் ஆட்டும், காலை ஊன்றிச் சமாளித்துவிடலாம். முன் சக்கரம் வழுக்கினால் சமாளிக்க நேரமே கிடையாது, அதை உங்கள் முழங்கையே சொல்லும். ஆகவே நீங்கள் போகும் இடங்களிலேயே மோசமான இடம் எதுவோ அதற்கு முன் டயர், அதிகம் ஓட்டும் இடம் எதுவோ அதற்குப் பின் டயர். உங்கள் விஷயத்தில் முன்னது கோத்தகிரிக்கு, பின்னது மதுக்கரைக்கு. காசு ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால் முன்னதை மட்டும் மாற்றுங்கள், பழையது பின்னால் தேயட்டும்.

இறக்கம்மட்டும்:

இதில் யோசிக்க என்ன இருக்கிறது ப்ரோ, ரெண்டு பக்கமும் மேக்ஸிஸ் மினியன் டயர் போடுங்க, முன்னால் டி.எச்.எஃப், பின்னால் டி.எச்.ஆர் டூ. ஒட்டிக்கொண்டு நிற்கும். நான் மூன்று வருஷமாக அதுதான். முன்னது 2.5 அகலம்.

பழையசெயின்:

நீங்கள் வண்டியை ஜீப்பில் மேலே ஏற்றி இறக்கத்தில் மட்டும் ஓட்டுகிறவர், உங்களுக்குச் சரி. இந்தத் தம்பி தினமும் தார் ரோட்டில் போய் வர 15 கிலோமீட்டர் மிதிக்கிறார், 100 மி.மீ. வண்டியில். அந்த டயர் ஒவ்வொன்றும் கிட்டத்தட்ட ஒரு கிலோ வரும். தார் ரோட்டில் பட்டன்கள் ர்ர்ர்ர் என்று உறுமிக்கொண்டே வரும், யாரோ பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுக்கிற மாதிரி இருக்கும். ரெண்டே மாதத்தில் வண்டியே வெறுத்துப் போய்விடும்.

குன்னூர்மூடுபனி:

நான் மேலே இருக்கிறவன், அதனால் மண்ணைப் பற்றி மட்டும் சொல்கிறேன். எங்கள் பக்கம், அதாவது கோத்தகிரி குன்னூர் சரிவில், தென்மேற்குப் பருவமழையைவிட அக்டோபர் முதல் டிசம்பர் வரைதான் ஆட்டம். அந்த மூன்று மாதமும் மண் வேறு ஜாதி. செம்மண்ணில் களி அதிகம். ஒரே இரவு மழை பெய்து மறுநாள் வெயில் படாவிட்டால் பட்டன்களுக்கு நடுவே அப்பிக்கொள்ளும், பட்டன் நெருக்கமாக இருந்தால் இறங்கவே இறங்காது. நீங்கள் விழுந்த கதை அதுதான், களி டயரின் மேல் இன்னொரு வழவழப்பான டயர் ஆகிவிட்டது. பட்டன் உயரம் மட்டும் பார்க்காதீர்கள், இடைவெளியைப் பாருங்கள். உங்கள் சுண்டுவிரல் நுனி நடுவே போகிற அளவு இடம் இருந்தால் சக்கரம் சுற்றும் வேகத்திலேயே சேறு தெறித்துவிடும்.

யூகலிப்டஸ் வேர் நனைந்திருந்தால் மட்டும் எந்த டயரையும் நம்பாதீர்கள். வேருக்குக் குறுக்கே நேராக ஏறுங்கள், அதன் மேல் இருக்கும்போது பிரேக்கைப் பிடிக்காதீர்கள், ஹேண்டில்பாரைத் திருப்பாதீர்கள். ரப்பர் மென்மையாக இருந்தால் கொஞ்சம் உதவும், அவ்வளவுதான். மென்மையான ரப்பர் கீழே உங்கள் கோவைச் சரளையில் பென்சில் அழிப்பான் மாதிரித் தேயும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

இன்னொன்று, டயருக்குச் சம்பந்தமில்லை. காலை ஆறு மணிக்கு மூடுபனியில் தேயிலைக்குள் வேகமாக இறங்காதீர்கள். காட்டுமாடு வளைவுக்கு அந்தப் பக்கம் நிற்கும், அதற்கு மணி அடித்தால் புரியாது.

நெருஞ்சி:

டயர் பேர் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிறீர்கள், முள்ளைப் பற்றி யாரும் வாயே திறக்கவில்லையே. மதுக்கரையில் சீமைக்கருவேலம் என்றால் வாரத்துக்கு எத்தனை பஞ்சர் என்று முதலில் கேளுங்கள். என் அனுபவத்தில் அங்கே டயர் தேர்வைவிட ட்யூப்லெஸ் தேர்வுதான் பெரிது. உள்ளே சீலன்ட், அதாவது ஓட்டையை அடைக்கும் திரவம், இருந்தால் முள் குத்திய இடம் தானே அடைத்துக்கொள்ளும், பல தடவை குத்தியதே தெரியாது. வீட்டுக்கு வந்து துடைக்கும்போது பார்த்தால் ஏழெட்டு முள் ஒடிந்து உட்கார்ந்திருக்கும்.

ஆனால் நம் ஊர் வெயிலில் சீலன்ட் சீக்கிரம் காய்ந்துவிடும். ரெண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஊற்றாவிட்டால் உள்ளே ரப்பர் தோல் மட்டும் உரிந்து கிடக்கும். நான் ஒரு கோடை முழுக்க ஊற்றாமல் விட்டு, கேட்டால் "இருக்கும் இருக்கும்" என்று சொல்லிக்கொண்டு, பாலமலை அடிவாரத்தில் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தவன்.

ரிம் ட்யூப்லெஸுக்கு ஏற்றதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் வற்புறுத்தி ஏற்ற வேண்டாம், வளைவில் டயர் விளிம்பு கழன்று காற்று மொத்தமும் ஒரே நொடியில் போகும். வால்வு நடுத்தண்டு கழற்ற வருகிற டியூபாக இருந்தால் அதற்குள்ளேயே சீலன்ட் ஊற்றி ஓட்டலாம், முழுசாக இல்லாவிட்டாலும் சின்ன முள்ளுக்குத் தாங்கும்.

டியூபோடு இருக்கிற வரை ஒரு பழக்கம். பஞ்சர் ஆனால் புது டியூப் போடுவதற்கு முன் டயர் உள்பக்கம் கொஞ்சம் பஞ்சை வைத்துச் சுற்றித் தடவுங்கள். ஒடிந்த முள் நுனி கண்ணுக்குத் தெரியாது, பஞ்சு அதில் சிக்கும். விரலால் தடவிப் பார்த்தால் விரல் பஞ்சர்.

இறக்கம்மட்டும்:

கீழே கோவையில் அடித்த காற்று மேலே போனால் ஏறிவிடும் தெரியுமா? உயரத்தில் வெளிக்காற்று அழுத்தம் குறைவு. அதனால் கோத்தகிரி போனதும் கொஞ்சம் இறக்கிவிடுங்கள்.

பழையசெயின்:

பாதி சரி. கோவை 411 மீட்டர், கோத்தகிரி சுமார் 1,800 மீட்டர். வெளி அழுத்தம் சுமார் 14 பி.எஸ்.ஐ.யில் இருந்து 12க்குக் கீழே வரும், ஆக மானியில் ரெண்டு கூடத்தான் காட்ட வேண்டும். ஆனால் மேலே குளிரும். கோவையில் 33 டிகிரி மத்தியானத்தில் அடித்துவிட்டு மறுநாள் காலை 18 டிகிரியில் அளந்தால் வெப்பத்தால் ரெண்டு குறைந்திருக்கும். ஏறினதும் இறங்கினதும் சமம். காலை ஐந்து மணிக் குளிரில் அடித்துவிட்டுக் கிளம்பினால்தான் கூடுதலாகக் காட்டும். வாதம் வேண்டாம், மேலே போய் ஒருமுறை மானி வைத்துப் பார்த்துவிட்டு ஏறுங்கள், அரை நிமிஷ வேலை.

கோவைச்சக்கரம்:

எல்லோருக்கும் ரொம்ப நன்றிங்க. முதலில் செலவில்லாத வேலையைச் செய்தேன். அதே பழைய டயர், முன் 28, பின் 30. மதுக்கரைச் சரளையில் வித்தியாசம் முதல் வளைவிலேயே தெரிந்தது, வண்டி குதிப்பது பாதியாகிவிட்டது. இவ்வளவு நாள் 45 அடித்துக்கொண்டு கைவலிக்குக் கையுறையைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

ரிம் ட்யூப்லெஸ் வகைதான், பக்கவாட்டில் அச்சடித்திருந்தது, இத்தனை நாள் கவனிக்கவில்லை. இப்போது மனதில் இருப்பது முன்னால் விட்டோரியா பார்ஸோ 2.35, பின்னால் மெஸ்கல் 2.25. பார்ஸோவில் பட்டன் இடைவெளி அதிகமாகத் தெரிகிறது, மெஸ்கல் நெருக்கம். சரிதானா? முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க்கில் 2.35 போகுமா என்பதுதான் பயம்.

பழையசெயின்:

நல்ல ஜோடி. 25 மி.மீ. ரிம்முக்கு 2.35 அளவாக உட்காரும், ரிம் 19 மி.மீ.யாக இருந்தால்தான் டயர் குண்டு பல்பு மாதிரி உப்பி வளைவில் ஆடும். ஃபோர்க் விஷயத்துக்கு, டயர் மாட்டிக் காற்றடித்த பிறகு 6 மி.மீ. ஆலன் கீயை எடுத்து டயருக்கும் ஃபோர்க்குக்கும் நடுவே மேலேயும் ரெண்டு பக்கமும் விட்டுப் பாருங்கள், உரசாமல் போனால் போதும். அதற்குக் குறைவாக இருந்தால் ஓடும், ஆனால் களி ஒட்டினதும் ஃபோர்க்கே அதை வழித்து வழித்துச் சக்கரத்தைப் பூட்டிவிடும். மாட்டும்போது பக்கவாட்டில் இருக்கிற அம்புக்குறியைப் பார்த்து மாட்டச் சொல்லுங்கள், என் டயரை ஒரு கடையில் தலைகீழாக மாட்டிக் கொடுத்து, நானும் ஆறு மாதம் அப்படியே ஓட்டினேன்.

குன்னூர்மூடுபனி:

பார்ஸோ நடு நவம்பர் அடைமழைக்குக் கொஞ்சம் திணறும். ஆனால் அந்த வாரங்களில் ஓட்டாமல் இருப்பதே மேல், நீங்கள் போட்ட தடம் கால்வாயாகி மறு மழையில் பாதையே அரித்துப் போகும், அப்புறம் தோட்டக்காரர் உங்களை உள்ளே விடமாட்டார். மீதி நாளைக்குத் தாராளமாகப் போதும்.

கரிசல்காரன்:

பல்லடம் பக்கம் இருந்து ஒரு கேள்வி. எங்கள் கரிசல் மண்ணில் மழைக்கு எந்த டயர்?

பழையசெயின்:

பஸ்.

கோவைச்சக்கரம்:

முன் டயர் மட்டும் வந்தது, பின்னது அடுத்த மாதச் சம்பளத்தில். ட்யூப்லெஸ் ஏற்ற மூன்று தடவை பம்ப் அடித்தும் விளிம்பு உட்காரவில்லை. சோப்புத் தண்ணீர் தடவி, வால்வு நடுத்தண்டைக் கழற்றிவிட்டு கம்ப்ரஸரில் அடித்ததும் டொப் டொப் என்று ரெண்டு சத்தம், பக்கத்து வீட்டு நாய் இன்னும் என்னைப் பார்த்தால் குரைக்கிறது. ஆலன் கீ மேலே தாராளமாகப் போகிறது, இடப்பக்கம் மட்டும் லேசாக உரசிக்கொண்டு போகிறது.

நேற்று கோத்தகிரி, முன் 22. அதே வளைவு, ஈரம்தான், ஆனால் அன்று அளவுக்கு இல்லை, ஆகவே டயர்தான் காப்பாற்றியது என்று அடித்துச் சொல்லமாட்டேன். முன் சக்கரம் ஒரு விரல் அளவு நழுவியது, பிடித்துக்கொண்டது. பின்னால் பழைய டயர் வால் ஆட்டியது, காலை ஊன்றினேன், அவ்வளவுதான். இன்று மதுக்கரையில் முன் டயரில் நாலு முள். நெருஞ்சி அண்ணா, பிடுங்கவா, விடவா?

நெருஞ்சி:

நுனி ஒடிந்து உள்ளே போனதை விட்டுவிடுங்கள். தலை வெளியே நீட்டிக்கொண்டிருப்பதைப் பிடுங்கிவிட்டு, உடனே அந்த இடம் கீழே வருகிற மாதிரி சக்கரத்தைத் திருப்பி ஒரு நிமிஷம் வையுங்கள். சீலன்ட் அங்கே வந்து தேங்கட்டும்.