போனை ‘ஆன்’ செய்: இயக்கு, எழுப்பு, துவக்கு, எதை எங்கே வைப்பது?

இழையைத் தொடங்கிய மடல்

வணக்கம்.

ஒரு திறன்பேசியின் பயனர் கையேட்டைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை காலைக்குள் கொடுத்தாக வேண்டும். மற்றதெல்லாம் முடிந்துவிட்டது. ‘போனை ஆன் செய்யும் வழிகள்’ என்ற இரண்டு பக்கத்தில்தான் மூன்று நாளாக நிற்கிறேன்.

அணைந்து கிடக்கும் போனைப் பொத்தானை அழுத்திப் பிடித்துக் கொண்டுவருவதும் ‘ஆன்’. இருண்ட திரையை இரண்டு தட்டுத் தட்டி வெளிச்சமாக்குவதும் ‘ஆன்’. விரல் வைத்துப் பூட்டைத் திறப்பதையும் பலர் ‘ஆன்’ என்றே சொல்கிறார்கள். பேச்சில் ஓடிவிடும், கையேட்டில் ஓடாது.

போன மாதம் அம்மா வேறொருவர் போனிலிருந்து கூப்பிட்டு, தன் போனில் திரை கறுப்பாகவே இருக்கிறது என்றார். “பக்கத்துல இருக்குற பட்டனை அழுத்தி ஆன் பண்ணுங்கம்மா” என்றேன். போன் ஓடிக்கொண்டுதான் இருந்தது, திரைதான் உறங்கியிருந்தது. அம்மா பொத்தானைக் கெட்டியாகப் பிடித்திருக்கிறார். அணைக்கவா, மறுபடி தொடங்கவா என்று கேட்கும் கட்டம் வந்திருக்கிறது. சிவப்பாக இருந்ததைத் தொட்டுவிட்டார். ஓடிக்கொண்டிருந்த போன் நிஜமாகவே அணைந்துபோனது.

எனவே எனக்கு மூன்று செயலுக்கு மூன்று வினை வேண்டும். பெயர்ச்சொல் போதாது, ஏவலாக வர வேண்டும். அந்தப் பொத்தானுக்கும் ஒரு பெயர்.

மறுமொழி 1

அன்புடையீர், சொல் கையிலேயே இருக்கிறது: இயக்கு.

இயங்கு தன்வினை, இயக்கு பிறவினை. அடங்கு அடக்கு, முடங்கு முடக்கு, தொடங்கு தொடக்கு என மெல்லினம் வல்லினமாகிப் பிறவினை பிறக்கும் அதே வழி. போன் தானே இயங்கும், நாம் அதை இயக்குவோம். ஒரு வேரிலிருந்து இரண்டும் கிடைக்கும்போது வேறெங்கும் கையேந்த வேண்டாம்.

பழம்பாடல்களில் இயங்குதல் என்பது பெரும்பாலும் வழி நடத்தல், செல்லுதல். அதிலிருந்துதான் எந்திரம் ‘ஓடுகிறது’ என்று இன்று நாம் சொல்வதும். நடையும் ஓட்டமும் எந்திரத்துக்கு எப்படி வந்தன என்பதைத் தனியாகவே எழுதலாம். கணினியில் ‘டிரைவர்’ என்ற நிரலை இயக்கி என்கிறோமே, பழைய இயக்கன், இயக்கி என்ற சொற்கள் வடசொல் யட்சனிலிருந்து வந்தவை என்பார்கள். இசக்கி என்ற பெயர் அந்த இயக்கியின் திரிபு. இரண்டு இயக்கியும் ஒன்றா வேறா என்பதில் எனக்கு ஒரு கருத்து உண்டு, பின்னர் எழுதுகிறேன்.

இன்னொன்று. போனை ‘அணை’ என்று எழுதாதீர்கள். விளக்கை அணை என்று சொல்லத் தயங்கி ‘அமர்த்து’, ‘குளிரவை’ என்றவர்கள் நம் முன்னோர். நன்னூலார் அதை மங்கலம் என்பார். போனையும் அமர்த்தலாம்.

மறுமொழி 2

ஐயா சொல்வதை மதிக்கிறேன். ஆனால் ‘போனை இயக்குவது எப்படி?’ என்று தலைப்பு வைத்தால் வாசிப்பவர் என்ன நினைப்பார்? முழுப் போனையும் பயன்படுத்துவது எப்படி என்றுதான் நினைப்பார். ஆபரேட்டிங் சிஸ்டத்துக்கு இயங்குதளம், இயக்கமுறைமை என்று அந்த வேரை ஏற்கெனவே நிறையச் செலவழித்துவிட்டோம்.

துவக்கு என்று போட்டால் என்ன? துவக்கப் பக்கம், துவக்க விழா என எல்லாருக்கும் தெரிந்த சொல்.

மறுமொழி 3

துவக்கு வேண்டாம். ஈழத்து வழக்கில் துவக்கு என்றால் துப்பாக்கி. ‘பொத்தானை அழுத்தித் துவக்கவும்’ என்று படித்தால் எங்களுக்கு முதலில் அதுதான் கண்ணில் நிற்கும். தொடக்கு என்று திருத்தினாலும் தப்பில்லை என்று சொல்ல முடியாது. துடக்கு, தொடக்கு என்பது எங்களிடம் தீட்டைக் குறிக்கும் சொல். தொடங்கு என்று மட்டும் எழுதினால் ஒரு குறையுமில்லை.

முடுக்கு என்று யாராவது சொல்வதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன், இயற்பியலில் முடுக்கம் வேறு வேலைக்குப் போய்விட்டது.

மறுமொழி 4

நான் போன் பழுது பார்ப்பவன். சொல்லை அப்புறம் பார்ப்போம், உள்ளே என்ன நடக்கிறது என்று முதலில் சொல்கிறேன்.

அணைந்த போன் முழுக்க அணைவதில்லை. மின்மேலாண்மைச் சில்லு ஒன்று துளி மின்சாரத்தில் விழித்தே இருக்கும். பொத்தான் அழுந்துகிறதா, சார்ஜர் வந்ததா, உள் கடிகாரத்தில் குறித்த நேரம் ஆனதா என்று அது பார்த்துக்கொண்டிருக்கும். பொத்தான் பழுதானாலும் போனைக் கொண்டுவர முடிவது அதனால்தான். ஐபோன் அணைந்திருக்கும்போது சார்ஜரைச் செருகினால் தானே கிளம்பிவிடும். ஆண்ட்ராய்டில் பெரும்பாலும் பேட்டரிப் படம் மட்டும் வரும். சில போன்களில் ஒலியைக் குறைக்கும் பொத்தானைப் பிடித்துக்கொண்டே கேபிளைச் செருகினால் ஒரு பட்டி (மெனு) வரும், அங்கிருந்து கணினிக் கட்டளையால் முழுப் போனையும் எழுப்பலாம். நேரம் குறித்து வைத்தால் தானாக ஆன் ஆகும் வசதியும் சில போன்களில் உண்டு. பேட்டரி அடியோடு வற்றியிருந்தால் எந்த வழியும் உடனே பலிக்காது, கொஞ்ச நேரம் சார்ஜ் ஏறிய பிறகுதான்.

கவனியுங்கள், இதில் பாதி வழிகளில் ‘இயக்கு’பவர் யாருமில்லை. போன் தானே வருகிறது.

வண்டியைக் கிளப்புவது போல போனைக் ‘கிளப்பு’ என்று ஏன் சொல்லக்கூடாது? என்னிடம் வருகிறவர்கள் “சார், போன் கிளம்பவே மாட்டேங்குது” என்றுதான் சொல்கிறார்கள்.

மறுமொழி 5

வகுப்பில் இதைச் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியை நான். குழப்பம் எங்கே என்றால் உறக்கத்தையும் சாவையும் ஒன்றாக்கிவிடுகிறோம். “உறங்குவது போலும் சாக்காடு” என்று குறள் ஒப்பிடுகிறது, ‘போலும்’ என்றுதான் சொல்கிறது, ஒன்று என்று சொல்லவில்லை. திரை இருள்வது உறக்கம். அணைவது வேறு. உறங்கி விழித்த போன் விரல் ரேகையிலேயே திறக்கும். அணைந்து வந்த போன் முதல் தடவை கடவெண்ணைக் (பின் நம்பர்) கேட்கும், விரலை ஏற்காது. இந்த வேறுபாட்டை மாணவர்களிடம் கையில் போனைக் கொடுத்தே காட்டுவேன், உடனே புரிந்துகொள்வார்கள்.

ஆகவே திரைக்கு ‘எழுப்பு’. இருமுறை தட்டும் வசதிக்கு மொழிபெயர்ப்பே தேவையில்லை, ‘தட்டி எழுப்பு’ என்பது நாம் தினமும் சொல்வது. பழுது பார்க்கும் அண்ணன் முழுப் போனையும் ‘எழுப்பலாம்’ என்று எழுதியிருக்கிறார், அந்த ஒரு இடத்தை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

‘போடு’ என்று யாரும் சொல்லாதது நல்லது. விளக்கைப் போடலாம்; போன் போட்டால் அது அழைப்பு. ‘ஏற்று’வும் ஆகாது, அது சார்ஜுக்குப் போய்விட்டது.

மறுமொழி 6

கணினியோ போனோ தொடங்குவதை ஆங்கிலத்தில் பூட் என்பார்கள், அந்தச் சொல்லின் கதையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். காலணியின் பின்பக்க வாரைப் பிடித்துத் தன்னைத் தானே தூக்கிக்கொள்ளுதல் என்ற மரபுத்தொடரிலிருந்து வந்தது. சிறு நிரல் ஒன்று விழித்து, தன்னைவிடப் பெரியதை ஏற்றி, அது இன்னும் பெரியதை ஏற்றி, கடைசியில் முழு அமைப்பும் நிற்கிறது. அதனால்தான் ‘தானெழல்’ என்று நான் முன்மொழிந்து வருகிறேன். இயக்குபவர் யாருமில்லை என்ற கேள்விக்கும் அதில் விடை இருக்கிறது.

மறுமொழி 7

தானெழல் அழகான சொல். ஆனால் பொத்தானை அழுத்துகிறவர் என்ன செய்கிறார்? ‘போனைத் தானெழச் செய்க’ என்றா எழுதுவது? படிப்பவர் பாவம்.

மறுமொழி 8 (இழையைத் தொடங்கியவர்)

எல்லாருக்கும் நன்றி. நேற்றிரவு இப்படி எழுதி முடித்தேன்:

‘போனை இயக்க, வலப்புறப் பொத்தானைச் சின்னம் தெரியும்வரை அழுத்திப் பிடிக்கவும். மின்னேற்றியைச் செருகினால் சில போன்கள் தாமே இயங்கத் தொடங்கும். திரை மட்டும் இருண்டிருந்தால் இருமுறை தட்டி எழுப்பவும். பொத்தானைப் பிடித்திருக்க வேண்டாம்.’

பூட்டுக்குத் திற. அணைந்து மறுபடி வருவதற்கு (ரீஸ்டார்ட்) ‘மீண்டும் தொடங்கு’. பொத்தானுக்கு ‘இயக்குப் பொத்தான்’, முதல் பக்கத்தில் மட்டும் பக்கத்திலேயே ‘பவர் பட்டன்’. தலைப்பில் ‘இயக்கு’ குழப்பும் என்று சொன்னது சரி, அதனால் அங்கே ‘அணைந்த போனை இயக்கும் வழிகள்’ என்று ஒரு சொல்லைக் கூட்டினேன். கிளப்பு என் மனதுக்குப் பிடித்தது, கையேட்டின் நடையில் ஒட்டவில்லை.

அம்மாவிடம் படித்துக் காட்டினேன். “பிடிச்சிருக்க வேண்டாம்” என்ற இடத்தில் நிறுத்தி, “இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாமே” என்றார்.

மறுமொழி 9

இயக்கு வந்ததில் மகிழ்ச்சி. ‘அணைந்த’ என்பதை இன்னும் ஏற்கவில்லை. ‘அமர்ந்த போன்’ என்றால் யாருக்குப் புரியாது? இயக்கி பற்றிய மடல் நாளை வரும்.

மறுமொழி 10

எனக்குப் புரியாது ஐயா. அமர்ந்த போன் என்றால் மேசைமேல் இருக்கும் போன் என்றுதான் நினைப்பேன். என்னிடம் வருகிறவர்களுக்கு ஆன், ஆஃப் என்றே சொல்லிக்கொள்கிறேன். எழுப்பு மட்டும் எடுத்துக்கொள்கிறேன், அது நன்றாக இருக்கிறது.