டெர்மீன், ஃபிரிஸ்ட்: தமிழில் எப்படிப் பிரிப்பது?

குழுமத்தாருக்கு வணக்கம்.

நம் ஜெர்மன்-தமிழ்ச் சொற்பட்டியலில் 'டெர்மீன்' என்பதற்கு 'சந்திப்பு' என்றும் 'ஃபிரிஸ்ட்' என்பதற்கு 'காலக்கெடு' என்றும் போட்டிருக்கிறோம். இரண்டாவதில் சிக்கல் இல்லை. முதலாவது பாதிதான் சரி. பல் மருத்துவரிடம் வாங்கும் டெர்மீனைச் சந்திப்பு எனலாம். வாங்கிய கட்டில் வீடு வந்து சேரும் நாளுக்கும் லீஃபர்டெர்மீன் என்றுதான் பெயர். அங்கே யார் யாரைச் சந்திக்கிறார்கள்? 'நியமனம்' என்று எழுதுவோரும் உண்டு. அது வேலை கிடைத்தவருக்கு வரும் கடிதம்.

சொல்லைப் பற்றி: ஆண்பால், 'டேர் டெர்மீன்', பன்மை 'டெர்மீனே'. அழுத்தம் இரண்டாம் அசையில், 'மீ' நெடிலாக. ஃபிரிஸ்ட் பெண்பால், 'டீ ஃபிரிஸ்ட்', பன்மை 'ஃபிரிஸ்டன்'. டெர்மீன் என்பது காலத்தில் ஒரு புள்ளி. ஃபிரிஸ்ட் என்பது ஒரு நீளம். புள்ளிக்கு நாம் சொல் வைத்திருக்கிறோமா என்பதே கேள்வி. 'தவணை' பொருந்துமா?

---

ஐயா, தவணை வேண்டாம். தமிழ்நாட்டில் அது கடன் கட்டும் மாதத் தொகை. எங்கள் இலங்கைப் பக்கம் 'முதலாம் தவணைப் பரீட்சை' என்றால் பள்ளிக்கூடத்தின் மூன்று பருவங்களில் ஒன்று, அதாவது நீளம். ஆனால் 'வழக்கு பத்தாம் திகதிக்குத் தவணையிடப்பட்டது' என்று பத்திரிகையில் வந்தால் அது புள்ளி. பிரித்துக் காட்டத்தான் சொல் தேடுகிறோம். இரண்டையும் சுமக்கிற சொல்லால் அது முடியாது.

ஜேர்மனியில் வாழும் எங்கள் ஆட்கள் தமிழ்ப் பேச்சிலும் 'டெர்மின் எடுத்தனான்' என்றே சொல்கிறார்கள். சொல் ஓடுகிறது, குறை இல்லை. ஆனால் அந்த 'எடுத்தனான்' ஜேர்மன் வாக்கியத்துக்குள்ளும் போய்விடுகிறது. டெர்மீனோடு 'நேமன்' (எடுத்தல்) இயல்பாகச் சேராது. பேசி முடிவுசெய்வதைச் சொல்ல 'ஆவுஸ்மாகன்' பேச்சுக்கு, 'ஃபெரைன்பாரன்' கடிதத்துக்கு. பல் வைத்தியரிடம் என்றால் 'பைம் ட்சான்ஆர்ட்ஸ்ட்' என்று, '-இடம்' எனப் பொருள்தரும் 'பை' வர வேண்டும்.

---

தவணையை விட்டால் அடுத்து யாராவது 'வாய்தா' என்பார்கள். நீதிமன்ற டெர்மீனுக்கு அது கிட்டத்தட்டப் பொருந்துகிறது. ஆனால் 'வாய்தா வாங்கியே காலத்தை ஓட்டினான்' என்னும்போது அது ஒத்திவைப்பு. பொருள் நேர் எதிராகப் போய்விடும்.

புள்ளியா நீளமா என்பதைவிட நல்ல சோதனை வினைச்சொல்லில் இருக்கிறது. டெர்மீனை 'ஃபெர்ஷீபன்' செய்வார்கள், தள்ளிப்போடுவார்கள். ஃபிரிஸ்டை 'ஃபெர்லெங்கன்' செய்வார்கள், நீட்டிப்பார்கள். மாற்றிப் போட்டால் ஜெர்மன் காதுக்கு உறுத்தும். ஃபிரிஸ்ட் 'லொய்ஃப்ட்', ஓடிக்கொண்டிருக்கும். பிறகு 'ஆப்கலாஃபன்', முடிந்துபோகும். டெர்மீன் ஓடாது. தமிழும் இப்படித்தான்: 'நாளைத் தள்ளிப் போட்டார்கள்', 'கெடுவை நீட்டித்தார்கள்'. 'பத்து நாள் கெடு கொடுத்தார்' என்கிறோமே, அது 'ஃபிரிஸ்ட் செட்ஸன்' அச்சு அசலாக. எனவே ஃபிரிஸ்டுக்கு 'கெடு' போதும். 'காலக்கெடு'வில் காலம் உபரி. கடைசி நாளை மட்டும் சொல்வதாகவும் செய்திகளில் சுருங்கிவிட்டது.

---

கெடுவில் ஒரு மிரட்டல் தொனி இல்லையா? வாடகை வீட்டைக் காலிசெய்யக் குடியிருப்பவர் தரும் முன்னறிவிப்புக் காலம், 'க்யூண்டிகுங்ஸ்ஃபிரிஸ்ட்', ஜெர்மனியில் பொதுவாக மூன்று மாதம். அதை 'கெடு' என்றால் யாரோ துரத்துவதுபோல் இருக்கிறது. 'முன்னறிவிப்புக் காலம்' என்றே இருக்கட்டும். 'ஃபிரிஸ்ட்லோஸ்' வேலைநீக்கம் என்றால் அந்தக் காலமே தராமல் நிறுத்துவது. 'காலவரையற்ற' என்று பெயர்த்தால் கதையே மாறிவிடும்.

சட்டமும் இரண்டையும் தனித்தனியே பெயர் சொல்கிறது. 1900 ஜனவரி 1இல் நடைமுறைக்கு வந்த ஜெர்மன் குடிமைச் சட்டத் தொகுப்பில் 186 முதல் 193 வரையான பிரிவுகள் ஃபிரிஸ்டையும் டெர்மீனையும் எப்படிக் கணக்கிடுவது என்பதற்கே. பயில்வோர் தவறுவது முதல் நாளில். இணையத்தில் வாங்கிய பொருள் மார்ச் 3 அன்று கைக்கு வந்தால் அந்த நாளை எண்ணக் கூடாது. வாங்கியதை ரத்துசெய்வதற்கான 14 நாள் கெடு 4ஆம் தேதி தொடங்கி 17ஆம் தேதி முடியும். கடைசி நாள் சனி, ஞாயிறு அல்லது அரசு விடுமுறையானால் அடுத்த வேலைநாள்.

'இன் ஃபியர்ட்சேன் டாகன்' என்றால் 14 நாள் கழித்து. 'இன்னர்ஹால்ப் ஃபொன்' வந்தால்தான் 14 நாளுக்குள். 'இன்' என்பதை 'உள்' என்று படித்துவிட்டு இரண்டு வாரம் முன்னதாகப் போய் நிற்க வேண்டாம். 'எட்டு நாள்' என்பது ஜெர்மன் பேச்சில் ஒரு வாரம்தான். ஆனால் வணிக ஒப்பந்தத்தில் எட்டு நாள் கெடு என்று எழுதினால், ஐயம் எழும்போது முழு எட்டு நாளாகவே கொள்ள வேண்டும் என்று வணிகச் சட்டம் தனியாகச் சொல்கிறது.

---

டெர்மீனுக்கு என் முன்மொழிவு 'குறிநேரம்'. கல்யாணத்துக்கு நாள் குறிக்கிறோம், அந்தக் 'குறி'தான்.

---

குறி சொல்கிற நேரம் என்று எடுத்துக்கொள்ள மாட்டார்களா?

---

'குறிச்சொல்' என்றதும் யாரும் சோழியைத் தேடவில்லையே. ஆனால் மணி முக்கியமில்லாத இடம் உண்டு. லீஃபர்டெர்மீனுக்கு 'குறிநாள்' என்க. ஜெர்மன் ஒரு சொல்லில் சொல்வதைத் தமிழ் இரண்டாகச் சொல்வதில் குற்றமில்லை. லீஃபர்ஃபிரிஸ்ட் வேறு: 'நான்கு வாரத்துக்குள் அனுப்புவோம்' என்னும் நீளம்.

குழப்பம் ஒரே இடத்தில்தான் மிஞ்சும். கெடுவின் கடைசி நாளையும் ஜெர்மானியர்கள் டெர்மீன் என்பார்கள்: 'ஆப்காபெடெர்மீன்', ஒப்படைக்க வேண்டிய நாள். அங்கே 'கடைசி நாள்' என்று எழுதிவிடலாம்.

'ஷ்டிக்டாக்' இந்தக் கூட்டத்தில் சேராது. 2022 ஜெர்மன் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஷ்டிக்டாக் மே 15. அன்று யாரும் எங்கும் போக வேண்டியதில்லை. அன்றைய நிலையைக் கணக்கில் எடுப்பார்கள், அவ்வளவே. 'கணக்கு நாள்' சரியாக இருக்கும்.

நண்பரோடு காபி குடிக்கப் போவது 'ஃபெர்ஆப்ரேடுங்'. அதை டெர்மீன் என்றால் நண்பரை அலுவலகக் கோப்பாக்கிய மாதிரி. பெயர்ச்சொல்லாகச் சொன்னால் சில சமயம் காதல் வாடையும் அடிக்கும். 'இஷ் பின் ஃபெர்ஆப்ரேடட்' என்று வினையாகச் சொல்வது தடையில்லாதது. தமிழில் 'பார்ப்பதாகப் பேசியிருக்கிறோம்'. இதற்குக் கலைச்சொல் எதற்கு?

---

சரி. பட்டியலில் இப்படி மாற்றுகிறேன்: டெர்மீன் - குறிநேரம், குறிநாள் (வாங்கு, தள்ளிப்போடு, விலக்கு). ஃபிரிஸ்ட் - கெடு (கொடு, நீட்டி, தவறு). ஒப்பந்த முடிவில் முன்னறிவிப்புக் காலம். 'டெர்மீன்காலெண்டர்' என்பதை யாராவது பார்த்துச் சொல்லுங்கள். 'நாட்குறிப்பு' என்று போட மனம் வரவில்லை. அதில் நடந்ததை எழுதுவோம், இதில் நடக்கப்போவதை.