புதுப்பிப்பு: மாரியில் நொண்டிய சவாரிக் குதிரை

மாரி மழை தொடங்கியபின் எங்கள் பெண் குதிரை பின்னங்கால் ஒன்றைத் தயங்கி ஊன்றுவது ஏன் என்று இங்கு கேட்டிருந்தேன். பதில் எழுதிய அனைவருக்கும் மனமார்ந்த நன்றி.

வலி மருந்து கொடுக்குமுன் குளம்பின் அடியைத் துப்புரவாக்கி முகர்ந்து பாருங்கள் என்ற ஆலோசனையே சரியாக அமைந்தது. அங்குள்ள முக்கோண மெத்தையின் நடுப்பள்ளத்தில் கறுத்த, துர்நாற்றமுள்ள கசிவு இருந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த கால்நடை வைத்தியர் இது குளம்பழுகல் என்றும், உணர்வுள்ள திசுவரை ஆழமாகப் பரவினால்தான் குதிரை நொண்டும் என்றும் விளக்கி, அழுகிய பகுதியைச் செதுக்கி அகற்றினார். அதன்பின் நாள்தோறும் பள்ளத்தைக் கழுவி, நன்றாக உலர்த்தி, ஐதாக்கிய பொவிடோன் அயடீன் என்ற கிருமிநாசினியை இட்டோம். இருப்பினும் கொட்டிலின் தரையை உயர்த்தி, சிறுநீர் ஊறிய வைக்கோலை அன்றன்றே அகற்றியதே மருந்தைவிடப் பெரிய பயன் தந்தது என்பது என் கணிப்பு. குளம்பை அழுகச் செய்யும் கிருமிகள் காற்றுப்படாத ஈரத்திலேயே பெருகுகின்றன. இப்போது குதிரை நான்கு கால்களையும் சமமாக ஊன்றி ஓடுகிறது.

எதிர்பாராத ஒன்றும் தெரியவந்தது. முழுப் பரிசோதனையின்போது மேல் கடைவாய்ப் பற்களின் வெளிவிளிம்பு கூராகிக் கன்னத்தின் உட்புறத்தைக் கீறியிருந்ததை வைத்தியர் கண்டார். கடிவாளம் பூட்டும்போது அது தலையை உதறியதைப் பிடிவாதம் என்று பலர் சொன்னார்கள். பாவம், அது வலியால் உதறியிருக்கிறது. குதிரையின் பற்கள் நெடுங்காலம் முளைத்துக்கொண்டே இருப்பதாலும், மேல்தாடை கீழ்த்தாடையைவிட அகலமானதாலும் இவ்வாறு கூராகின்றன. அரத்தால் தேய்த்தபின் உதறல் நின்றது.

இனி ஆண்டுக்கொரு முறை பற்பரிசோதனையும் ஏற்பு (டெட்டனஸ்) நோய்த் தடுப்பூசியும், 6 முதல் 8 வாரங்களுக்கு ஒருமுறை குளம்பு சீராக்கலும், சாணத்தில் புழு முட்டைகளை எண்ணிப் பார்த்தபின்னரே பூச்சி மருந்தும் என்று முடிவு செய்துள்ளோம்.