பாதையில் ஏறினாள் என்று எழுதியதற்கு வந்த பதில்கள்

வாசகர் சொன்ன ஒரு வார்த்தை உங்கள் எழுத்தை மாற்றியிருந்தால் அதைச் சொல்லுங்கள் என்று கேட்டிருந்தீர்கள். எனக்கு ஒன்று இருக்கிறது. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் இலங்கையில், மட்டக்களப்பில் களுவாஞ்சிகுடிப் பக்கம். பகலில் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறேன், இரவில் பிள்ளைகள் படுத்த பிறகு போனில் கதை எழுதுகிறேன். ஏழு வருடமாக இப்படித்தான். அச்சில் ஒரு வரியும் வந்ததில்லை, எல்லாம் இணையத்தில்தான்.

முதல் இரண்டு கதைகளைச் சொந்தப் பெயரில் போட்டேன். இரண்டாவது கதை ஒரு வீட்டைப் பற்றியது. எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குத்தானே சீதனமாகப் போகும், அப்படி அக்காவுக்கு எழுதிக் கொடுத்த வீட்டைத் தங்கச்சி கேட்கிறாள், இதுதான் கதை. நான் யாரையும் மனதில் வைத்து எழுதவில்லை. ஆனால் என் சின்னம்மா அதை வாசித்துவிட்டு அந்தத் தங்கச்சி தான்தான் என்று முடிவு கட்டிவிட்டார். ஆறு மாதம் எங்கள் வீட்டுப் படி ஏறவில்லை. அம்மா அழுதது எனக்கு இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. அதற்குப் பிறகுதான் புனைபெயர்.

எங்கள் கரையில் புனைபெயர் புதிதில்லை. பெரியநீலாவணைச் சின்னத்துரைதான் கவிஞர் நீலாவணன், மருதமுனை இஸ்மாயில்தான் சிறுகதை எழுதிய மருதூர்க்கொத்தன். ஆனால் நீலாவணன் என்றால் யார் என்று ஊருக்கே தெரியும், அந்தப் பெயர் ஊரைக் காட்டத்தான் இருந்தது. நான் ஊர் தெரியக்கூடாது என்றுதான் பெயர் தேடினேன். ஊரும் இல்லாமல், ஆணா பெண்ணா என்றும் தெரியாமல் ஒரு பெயர். அதை இங்கேயும் சொல்லப்போவதில்லை, காரணம் கீழே வருகிறது.

அந்தப் பெயரை வைத்ததும் வாசிப்பவர்கள் என்னை ஆண் என்றே எடுத்துக்கொண்டார்கள். ஐயா என்றார்கள், தம்பி என்றார்கள். நான் திருத்தவில்லை. ஒரே ஒரு முறைதான் திருத்த வேண்டும் போல இருந்தது. ஒரு கதையில் பிள்ளைப்பேறு வரும். என் மூத்தவன் பிறந்த இரவை அப்படியே எழுதியிருந்தேன். அதற்கு ஒரு பெண் வாசகர் எழுதினார்: "நீங்கள் ஆண், உங்களுக்கு இது தெரியாது, தெரியாததை ஏன் எழுதுகிறீர்கள்?" இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. பதிலைக்கூட எழுதி வைத்தேன், அனுப்பவில்லை. நான் பக்கத்தில் நின்று "இது எனக்கு நடந்தது" என்று சத்தியம் செய்தால்தான் நம்புவார் என்றால் எழுத்தில் ஏதோ குறை இருக்கிறது என்று திரும்ப எடுத்து வாசித்தேன். இருந்தது. வேதனை, மரணவலி, உயிர் போய் உயிர் வந்தது, எல்லாம் யாரும் எங்கிருந்தும் எடுக்கக்கூடிய சொற்கள். என்னுடையது ஒன்றுமில்லை. அன்றிரவு எனக்கு உண்மையில் ஞாபகம் இருப்பது வார்டில் மேலே ஒரு மின்விசிறி ஒவ்வொரு சுற்றுக்கும் டக் என்று அடித்ததும், நான் அதை எண்ணிக்கொண்டே கிடந்ததும், நூற்றிச் சொச்சத்தில் எண்ணிக்கை பிசகி மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கியதும்தான். அதை வைத்தேன், மற்றதை எடுத்தேன். அந்த வாசகர் திரும்ப வந்தாரா தெரியாது. அவருக்கு இன்றைக்கும் நன்றி சொல்வேன்.

சரி, பாதைக்கு வருகிறேன்.

எங்கள் வாவியில் ஆட்களையும் சைக்கிளையும் மோட்டார் சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குப் போகும் மிதவைக்கு நாங்கள் சொல்லும் பெயர் பாதை. குருமண்வெளியில் ஏறினால் மண்டூரில் இறங்கலாம், கடல் பக்கத்து எழுவான்கரையிலிருந்து வயல் பக்கத்துப் படுவான்கரைக்கு. முன்பு மண்முனையிலும் பாதைதான், 2014இல் அங்கே பாலம் வந்துவிட்டது. நான் எழுபதுகளில் நடப்பதாக ஒரு தொடர்கதை எழுதினேன், அதில் "அவள் பாதையில் ஏறினாள்" என்று ஒரு வரி. தமிழ்நாட்டிலிருந்து ஒருவர் கேட்டார், பாதையில் நடக்கத்தானே முடியும், எப்படி ஏறுவது, தட்டச்சுப் பிழையா என்று. இன்னொருவர் கோபமாகவே எழுதினார். மறுகா, கிறுகி, இஞ்ச வா கா, இப்படியெல்லாம் எழுதித் தமிழைக் கெடுக்கிறேனாம்.

கோபக்காரருக்கு என்னிடம் பதில் இருந்தது. கதைமாந்தர் தங்கள் பேச்சில் பேசலாமா என்று அறுபதுகளிலேயே இலங்கையில் பெரியவர்கள் சண்டை போட்டு முடித்துவிட்டார்கள், அது இழிசனர் வழக்கு, கீழானவர் பேச்சு என்று ஒரு பக்கம், மண்வாசனை என்று ஒரு பக்கம். அதை நான் திரும்பத் தொடங்கத் தேவையில்லை. மட்டக்களப்பில் ஒரு கிழவி "பிறகு" என்று சொல்லமாட்டாள், "மறுகா" என்றுதான் சொல்லுவாள், அதை மாற்றினால் அவள் வாயை நான் பொத்தினது மாதிரி.

ஆனால் பாதை கேட்டவருக்கு அப்படிப் பதில் சொல்ல முடியாது. அவர் கேட்டது நியாயம், அந்த இடத்தில் அவர் கால் தடுக்கி நின்றார். முதலில் அடைப்புக்குறிக்குள் மிதவைப் படகு என்று போட்டேன். வாசித்துப் பார்த்தால் கதை ஓடிக்கொண்டிருக்கும்போது யாரோ ஆசிரியர் எழும்பி விளக்கம் சொன்ன மாதிரி இருந்தது. எடுத்துவிட்டேன். கடைசியில் இப்படி வந்தது: "அவள் பாதையில் ஏறினாள். பாதைக்காரர் கயிற்றை அவிழ்த்தார். காலுக்கடியில் பலகை ஒருதரம் ஆடியது, கரை பின்னால் போனது." சொல் அதே சொல்தான். அந்த வாசகர் அடுத்த வாரம் எழுதினார், "இப்ப நானும் ஏறிட்டேன்" என்று. எனக்கு வந்ததிலேயே எனக்குப் பிடித்த பாராட்டு அது. அருமை, சூப்பர், அடுத்த பாகம் எப்ப என்று வருவதும் சந்தோஷம்தான், வேலை முடிந்து களைத்துக் கிடக்கும்போது அந்த ஒரு சொல்லே போதும் எழும்பி எழுத. ஆனால் எந்த வரியில் தடுக்கியது என்று ஒருவர் மெனக்கெட்டுச் சொன்னால் அவர் உண்மையாக வாசித்திருக்கிறார்.

அப்புறம் அதே தொடரில்தான் இது நடந்தது.

என்னோடு கடையில் ஒரு தங்கச்சி வேலை செய்கிறாள், மண்டூர்ப் பக்கத்திலிருந்து தினமும் பாதையேறி வருகிறவள். ஒருநாள் சோறு சாப்பிடும்போது சொல்கிறாள், "அக்கா, ஒரு கதை போகுது, எங்கட ஊர்க்கதை மாதிரியே இருக்கு, அம்மாக்குக் கண்ணில வெள்ளை படந்திருக்கு, ராவைக்கு நான்தான் வாசிச்சுக் காட்டுறன்." எடுத்துக் காட்டினாள். என் கதை. எனக்குக் கை குளிர்ந்துவிட்டது. அவளுக்கு ஒன்றும் தெரியாது. "அம்மாக்கு விருப்பமா?" என்று கேட்டேன். "விருப்பம்தான், ஆனா முந்தநாள் வாசிச்சதுக்கு ஏசிப்போட்டா. கார்த்திகையில என்னத்தச் சூடடிக்கிற, வெள்ளாம அப்ப முழங்காலளவும் வராதே எண்டு."

அந்தக் காட்சியை நான் எவ்வளவு ஆசையாக எழுதியிருந்தேன் தெரியுமா. கார்த்திகை விளக்கீட்டு இரவு, களவெட்டியில், அதாவது நெற்களத்தில், கதிர்க் குவியலான சூட்டை மாடு விட்டு மிதித்துச் சூடடிக்கிறார்கள், தூரத்தில் ஊர் முழுக்கச் சிட்டி விளக்கு எரிகிறது. அந்த வெளிச்சம் எனக்கு வேண்டும் என்பதற்காகவே கார்த்திகையை வைத்தேன். கண்முன்னே தெரிகிறது என்று எத்தனை பேர் எழுதினார்கள். ஒருவருக்கும் பிழை தெரியவில்லை. பெரும்போகம் மாரிமழையோடு விதைத்து, வெட்டு தை மாசியில் வரும், படுவான்கரையில் சின்னப்பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். நான் கடற்கரைப் பக்கம் வளர்ந்தவள், வயலைப் பஸ் யன்னலால்தான் பார்த்திருக்கிறேன்.

அடுத்த பௌர்ணமிப் போயா லீவுக்கு வயல் அரிசி வாங்க வருகிறேன் என்று சொல்லிப் பாதையேறிப் போனேன். அந்த அம்மா என் கையைப் பிடித்துத் திண்ணையில் இருத்தினார். பேச்சை மெதுவாகச் சூடடிப்புக்குக் கொண்டுபோனேன், அவ்வளவுதான், இரண்டு மணித்தியாலம் அவர்தான் பேசினார். களவெட்டிக்குள் நெல் என்று சொல்லக்கூடாதாம், பொலி என்றுதான் சொல்ல வேண்டுமாம், "பூதத்துக்குக் கேட்டிரும் புள்ள" என்றார். எருமை சுற்றிச் சுற்றி வரும்போது பிள்ளைகள் வைக்கோலில் தூங்கிப்போவதைச் சொன்னார். ராவில் வெளிச்சம் எப்படி என்று கேட்டேன். "சூட்டுக்குக் கிட்ட நெருப்புக் கொண்டுபோவியா? அரிக்கன் லாம்பை எட்டத்தில கம்பில கட்டி விடுவம். மாடும் மனிசரும் அரைவாசி இருட்டுக்குள்ளதான்."

கிளம்பும்போது அவரே கதையை எடுத்தார். "இவள் ஒரு கதை வாசிக்கிறாள் மகள். எழுதினவன் நல்ல புள்ளதான், மனிசரைத் தெரிஞ்சு எழுதுறான். ஆனா வயலுக்குள்ள கால் வைக்கல்ல அவன்."

நான்தான் அது என்று நாக்கு நுனி வரை வந்தது. சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அந்த அம்மா அந்த நிமிடமே முகம் மாறி, "நல்லாத்தான் எழுதியிருக்காய் மகள்" என்று சொல்லி எனக்கு இன்னும் ஒரு கோப்பை தேத்தண்ணி தந்திருப்பார். வீட்டுக்கு வந்த பிள்ளையிடம் எங்கள் ஆட்கள் வேறு எப்படிப் பேசுவார்கள்? சின்னம்மாவுக்குப் பயந்து வைத்துக்கொண்ட பெயர்தான், ஆனால் அன்றிலிருந்து அதை நான் வைத்திருப்பது அந்த அம்மா என் முகத்துக்கு நேரே பிழை சொல்வதற்காக. அதனால்தான் இங்கேயும் சொல்லவில்லை.

அந்த அத்தியாயத்தை மாசிக்கு மாற்றினேன். விளக்கெல்லாம் போய்விட்டது, அதற்கு உண்மையில் கவலைப்பட்டேன். எட்டத்தில் ஒரு அரிக்கன் லாம்பு, அரைவாசி இருட்டு, மாட்டின் மூச்சு, வைக்கோலில் தூங்கும் பிள்ளை. நான்கு இரவு எடுத்தது. மாற்றியதை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. அந்தத் தங்கச்சியிடம் மட்டும், அந்தக் கதையில் ஒரு இடத்தைத் திருத்திப் போட்டிருக்கிறார்கள், அம்மாவுக்கு மறுபடி வாசித்துக் காட்டு என்று சொன்னேன்.

திங்கட்கிழமை வந்து சொன்னாள். "அம்மா இப்ப சரியாம் எண்டா அக்கா. மாடு வாற இடத்தில கண் கலங்கிட்டா. ஒண்டே ஒண்டு மட்டும் கேட்டா, அந்தப் பெட்டை என்னத்துக்குச் செருப்போட களவெட்டிக்குள்ள ஓடுறாள் எண்டு."

கடை பூட்டும் வரை பொறுக்க முடியவில்லை, பின்னால் போய் போனை எடுத்துப் பார்த்தேன். ஐந்தாவது பந்தியில் அவள் வரம்பால் ஓடி வருகிறாள், அடுத்த வரியில் சூட்டுக்குப் பக்கத்தில் நிற்கிறாள், இடையில் செருப்பைக் கழற்றியதாக நான் எங்கும் எழுதியிருக்கவில்லை.